வானை எங்க விடுறது, மாமி?

இரவு பதினொரு மணி. திருகோணமலை டவுன், உவர்மலையில் ஒரு ஒழுங்கை. நடுவில் ஒரு கே.டி.எச். வான், ஹை-ரூஃப் போட்டது. உள்ளே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பதினொரு பேர். அதில் நாலு பேருக்கு அடுத்த நாள் காலமை கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வேண்டும். முன்னால் விடுதியின் கேற், அதற்கு மேலே சீமெந்தில் ஒரு வளைவு, வளைவு நிறையக் கடதாசிப்பூ. பகலில் பார்க்க அவ்வளவு அழகு. அந்த வளைவுக்குக் கீழே வான் போகாது. திருப்பவும் இடமில்லை. பின்னால் ஒரு ஓட்டோ வந்து ஹோர்ன் அடிக்கிறது.

அந்த விடுதியைப் பிடித்துக் கொடுத்தவள் நான். முதல் கிழமையே நேரில் போய் அறையைப் பார்த்தேன், மெத்தையை அமுக்கிப் பார்த்தேன், குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன். கேற்றை மட்டும் பார்க்கவில்லை. ஓட்டோவில் போனவளுக்குக் கேற் எல்லாம் பெரிசாகத்தானே தெரியும்.

ட்ரைவர் தம்பி இறங்கி வந்து, கோபமே இல்லாமல், “வானை எங்க விடுறது, மாமி?” என்றான். என்னிடம் பதில் இல்லை. ஒழுங்கை முழுதும் பின்னுக்கே எடுத்து, பிரதான வீதிக்கு வந்து, கடைசியில் டச் பே கடற்கரைக்கும் மைதானத்துக்கும் இடைப்பட்ட பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். மற்றவர்களை ஓட்டோ பிடித்து அறைக்கு அனுப்பினேன். விடியப் புறம் மனம் கேட்காமல் ஃபிளாஸ்கில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு போனேன். தம்பி வானுக்குள்ளேயே படுத்திருந்தான். நுளம்புக்குப் பயந்து கண்ணாடியை மூடினால் புழுக்கம், திறந்தால் நுளம்பு. கடைசியில் கதவைத் திறந்துவிட்டே தூங்கிவிட்டான் போல. வானைச் சுற்றி ஏழெட்டுப் புள்ளிமான்கள். ஒன்று முன் சீற்றுக்குள் தலையை விட்டு, அவன் வைத்திருந்த பாண் பக்கற்றை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது.

திருகோணமலைக்குப் புதிதானவர்களுக்குச் சொல்ல வேண்டும்: இது காட்டுக்குள் நடந்த கதையில்லை, டவுனுக்குள் நடந்தது. கோட்டைக்குள் இருக்கும் மான்கள் மைதானம், பஸ் நிலையம், கடற்கரை என்று ஊர்க்காரரைப் போலத் திரியும். பாண் கொடுக்காதீர்கள், பொலித்தீன் பையைக் கீழே போடாதீர்கள். பையோடு சேர்த்துத் தின்றுவிடும்.

எனக்கு இந்த வேலை எப்படி வந்தது என்றால், அண்ணாவின் மகன் ஒரு கருத்தரங்குக் குழுவில் இருக்கிறான். நான் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். “மாமிக்கு ஊரெல்லாம் தெரியும்” என்று தங்குமிடப் பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டான். இதோடு மூன்று தடவை ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் வெளியூரிலிருந்து வருபவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “கடல் தெரியுமா?”

தெரியும் ஐயா. இந்த ஊரில் எங்கே திரும்பினாலும் கடல்தான். ஒரு புறம் வெளிக்கடல், மறுபுறம் உட்துறைமுகம், நடுவே ஒடுங்கிய நிலத்தில் நகரம். காலமை டச் பேயில் சூரியன் எழும்புவதைப் பார்த்துவிட்டு, பின்னேரம் உட்துறைமுக வீதியில் நின்று அது விழுவதைப் பார்க்கலாம். இரண்டுக்கும் இடையில் கால்நடையாகப் பத்துப் பதினைந்து நிமிடம். இதற்காகக் கடல் தெரியும் அறைக்குக் கூடக் காசு கொடுப்பானேன்? பகல் முழுக்க மண்டபத்துக்குள், இரவில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுத் தூக்கம். யாருக்கு அந்தக் கடல்?

என்னுடைய கட்சி இதுதான். கூட்டம் டவுனில் என்றால் டவுனிலேயே தங்குங்கள். கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் என்றால் உப்புவெளி. இரண்டும் நிலாவெளி வீதியிலேயே இருக்கின்றன, காலமை அந்தரப்படத் தேவையில்லை. உப்புவெளியிலும் அலஸ் தோட்டத்திலும் சின்ன கெஸ்ட் ஹவுஸ் முதல் ட்ரிங்கோ ப்ளூ போன்ற பெரிய ஹோட்டல் வரை எல்லா விலைக்கும் உண்டு. நிலாவெளி இன்னும் தள்ளி, டவுனிலிருந்து பதினைந்து கிலோமீற்றர் வரும். குச்சவெளிப் பக்கம் காட்டுக்குள் கட்டிய ஆடம்பர விடுதி, தேனிலவுக்கு நல்லது. ஒரு பேராசிரியர் அங்கே தங்கி, இரண்டு நாளும் தேநீர் இடைவேளைக்குத்தான் வந்து சேர்ந்தார்.

அரசாங்க உத்தியோகத்தர்கள் மறந்துவிடும் ஒன்று சர்க்கிட் பங்களா, திணைக்களங்களின் தங்கு விடுதி. பல திணைக்களங்களுக்கு இங்கே சொந்தமாக உண்டு. உங்கள் அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து முன்கூட்டியே பதிந்தால் விலை சொற்பம், வளவு பெரிசு, பழைய மரங்களுக்குக் கீழே பஸ்ஸையே நிறுத்தலாம். ஆனால் சமையற்காரருக்கு முதல் நாளே ஆட்கணக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் போய் இறங்கி, இரவு பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும்.

அந்த வளைவுக் கேற் கதைக்குப் பிறகு அறை பார்க்கப் போகும்போது அளவு நாடாவும் கொண்டு போகிறேன். சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். கேற்றின் அகலம், உயரம், ஒழுங்கையில் எதிரே இன்னொரு வாகனம் வந்தால் ஒதுங்க இடமுண்டா, இவ்வளவையும் எழுதிக்கொள்வேன். ‘பார்க்கிங் உண்டு’ என்று போர்டில் போட்டிருப்பதை நம்புவதில்லை. ஒரு இடத்தில் பார்க்கிங் என்று காட்டியது தென்னைக்குக் கீழே. குலையோடு நிற்கிற தென்னை. வீட்டுக்காரரிடம், “தேங்காய் விழுந்து கண்ணாடி போனால்?” என்றேன். “இதுவரைக்கும் விழேல்லையே, ரீச்சர்” என்றார். கச்சான் அடிக்கிற காலத்தில் அந்தப் பேச்சு செல்லாது.

கச்சான் என்றதும் கொழும்புப் பிள்ளைகள் கடலை என்று நினைப்பார்கள். அதுவும் கச்சான்தான், கோயிலடியில் சுருள் சுருளாக விற்கும். நான் சொல்வது காற்று. மே மாதம் பிறந்தால் தென்மேற்கிலிருந்து காய்ந்து சுட்டுக்கொண்டு வரும். யாழ்ப்பாணத்தார் சோளகம் என்பார்கள், இங்கே நாங்கள் கச்சான். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு ஈரமெல்லாம் தீர்ந்த பிறகுதான் எங்களிடம் வருகிறது, அதனால் அந்தச் சூடு. கடல் அமைதியாக இருக்கும் காலமும் இதுவே. ஆகவேதான் ஊருக்குக் கூட்டம் சேர்கிறது, கருத்தரங்கும் ஓகஸ்டில் வைக்கிறார்கள். அந்த வெக்கையில் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: “அறையில சுடுதண்ணி வருமோ?” குழாயைத் திறந்தால் பகலில் அதுதான் வரும் என்றேன். போதாவிட்டால் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். அவருக்குப் பகிடி விளங்கவில்லை.

ஓகஸ்டில் பள்ளிக்கூட விடுமுறை. அதோடு பௌர்ணமிப் போயா விடுமுறையும் சனி ஞாயிறும் ஒட்டிவந்தால் தென்னிலங்கையே வந்து இறங்கிவிடும். அப்படி ஒரு வார இறுதியில், இரண்டு மாதத்துக்கு முன்பே முற்பணம் கட்டிய ஒரு விடுதியில், எங்களுடைய ஆறு அறையில் மூன்றை வேறு ஆட்களுக்குக் கொடுத்திருந்தார்கள். விடுதியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, முதலாளி மன்னிப்புக் கேட்டு முற்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். அன்றிரவு மட்டக்களப்பிலிருந்து வந்த நாலு மாணவிகள் எங்கள் வீட்டு ஹோலில் பாய் விரித்துப் படுத்தார்கள். காலமை இடியப்பமும் சொதியும் சம்பலும். மூன்றாம் நாள் போகும்போது, “ரீச்சர், அடுத்த முறையும் ஹோட்டல் வேண்டாம்” என்றார்கள். எனக்குச் சந்தோசம்தான், ஆனால் இடியப்பம் பிழிந்த கைக்கு அது தெரியாது. அதற்குப் பிறகு எந்த விடுதியானாலும் ரசீதில் அறை இலக்கத்தையும் எழுதச் சொல்லி வாங்குகிறேன்.

ட்ரைவர்மாரின் படுக்கைக்கு வருகிறேன். பெரிய ஹோட்டல்களில் ட்ரைவர் ரூம் என்று ஒன்று இருக்கும். சின்ன விடுதிகளில் இராது, கேட்டால் முகம் சுருங்கும். ஏற்பாட்டாளர் பட்டியலிலும் ட்ரைவர் பெயர் இருக்காது. பங்குபற்றுநர் பதினொன்று, சாப்பாடு பதினொன்று, கோப்புப் பை பதினொன்று. யாழ்ப்பாணத்திலிருந்து வான் ஓட்டிக்கொண்டு வந்தவன் பன்னிரண்டாவது ஆள், கணக்கில் இல்லை. திரும்பும் வழியில் நித்திரை தூங்கினால் அந்தப் பதினொரு பேரும்தானே உள்ளே? இப்போது பதிவுப் படிவத்தில் நானே ஒரு வரி சேர்த்துவிட்டேன்: சாரதி உண்டா, இரவு தங்குவாரா. மருமகன், “மாமி, இது ஆராய்ச்சிக் கருத்தரங்கு” என்றான். ஆராய்ச்சிதானே, நல்லாய்ச் செய்யட்டும்.

வரும் வழி பற்றிச் சுருக்கமாக. கொழும்பிலிருந்து இரவு ரயில் விடியப் புறம் இறக்கிவிடும். படுக்கை ஆசனம் கிடைத்தால் அதைவிடச் சுகம் இல்லை, வாகனம் நிறுத்தும் தலையிடியும் இல்லை. வீதியால் வந்தால் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர். ஹபரணையை வெளிச்சத்தோடு தாண்டிவிடுங்கள், இருட்டினால் யானை வீதிக்கு வரும். லைற்றை அடித்து ஹோர்ன் அடிக்கிற சூரத்தனம் வேண்டாம். கந்தளாயில் சட்டித் தயிர் வாங்கலாம், ஆனால் வரும்போது வாங்காதீர்கள், போகும்போது வாங்குங்கள். விடுதிக் குளிர்சாதனப் பெட்டியில் நாலு தயிர்ச் சட்டியை விட்டுவிட்டுப் போன ஒரு கலாநிதியால் நாங்கள் ஒரு கிழமை மோர் குடித்தோம்.

மட்டக்களப்பார் கரையோர வீதியால் வரலாம். இன்றைய பிள்ளைகளுக்கு இது பெரிய விசயமாகத் தெரியாது. நாங்கள் சின்ன வயதில் கிண்ணியாவுக்குப் போகவே பாதையில் ஏற வேண்டும். பாதை என்றால் வீதி இல்லை. பஸ்ஸையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றி அக்கரை கொண்டுபோகும் மிதவை. பாதைக்காரர் சாப்பிடப் போனால் எல்லோரும் வெயிலில் காத்து நிற்போம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது, 396 மீற்றர் நீளம். பிறகு தெற்கே மற்றப் பாலங்களும் வந்தன. முன்பு மட்டக்களப்புக்குப் போக ஹபரணை, பொலன்னறுவை என்று ஊரைச் சுற்றியவர்கள் இன்று மூதூர்ப் பக்கத்தால் மூன்று மணித்தியாலத்துக்குள் வந்துவிடுகிறார்கள்.

இனி, வந்த இடத்தில் என்ன பார்ப்பது.

வழமையாக நடப்பதைச் சொல்கிறேன். கூட்டம் முடிந்த அன்று பின்னேரம் ஒரு வானில் எல்லோரையும் ஏற்றி, கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி, மார்பிள் பீச் என்று நாலையும் ஒரே மூச்சில் ஓட்டிக் காட்டுவார்கள். எதையும் யாரும் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் படம் எடுத்தார்கள். நான் பொறுப்பெடுத்ததும் அதை நிறுத்திவிட்டேன். முதல் நாள் இரவே சொல்லிவிடுவேன்: விருப்பமானவர்கள் காலமை ஐந்தேகாலுக்கு மைதானத்தடிக்கு நடந்து வாருங்கள், வாகனம் விடுதியிலேயே நிற்கட்டும்.

அங்கிருந்து கோட்டை வாசல் கிட்ட. கோணேசர் கோயில் அந்தக் கோட்டைக்குள்தான், மலைக்கு மேலே. வாகனம் உள்ளே போய்க் கோயிலடி வரை ஏறும் என்பது உண்மைதான். ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரமும் விடுமுறை நாட்களிலும் அந்த ஒடுங்கிய வாசலில் ஏறுகிறவையும் இறங்குகிறவையும் முட்டிக்கொள்ளும். மேலே கடைகளுக்கு நடுவே இடம் தேடிச் சுற்றுகிற நேரத்தில் நடந்தே போய் வந்துவிடலாம். நடந்து போனால் இன்னொன்றும் கிடைக்கும். வாசல் கல்லில் பாண்டியர் சின்னமான இரட்டைக் கயல் மீனும், கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் குளக்கோட்டன் என்ற மன்னனின் பெயர் சொல்லும் தமிழ்க் கல்வெட்டுத் துண்டும் இருக்கின்றன. பழைய கோயிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள், இரண்டு வருடம் கழித்து அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். அப்படிக் கோட்டைக்குப் போன கல் அது. வானில் போகிறவனுக்கு அது ஒரு சுவர், அவ்வளவுதான். ‘ஃபிரெட்றிக் கோட்டை’ என்ற பெயர் 1803இல் ஆங்கிலேயன் தன் இளவரசனுக்காக வைத்தது. இன்றும் உள்ளே இராணுவம் இருக்கிறது, ஆகவே கண்ட இடத்தில் கமெராவைத் தூக்க வேண்டாம்.

ஏறும்போது இடது வலது எங்கும் மான். ஆலமரத்தடியில் குட்டியோடு படுத்திருக்கும், எழும்பாது. மேலே போகப் போகக் காற்று மாறும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போங்கள். 1950இல் ஊருக்குள் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வந்த வெண்கல விக்கிரகங்கள் சில இந்தக் கோயிலில்தான் இருக்கின்றன. 1963இல் கும்பாபிஷேகம். என் அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாராம், எனக்கு நினைவில்லை, ஆனால் வந்ததாகவே சொல்லிக்கொள்வேன்.

கோயிலுக்குப் பக்கத்தில் இராவணன் வெட்டு. மலை கத்தியால் பிளந்த மாதிரி நேரே கடலுக்குள் இறங்கும். பிள்ளை வரம் கேட்டு மரத்தில் கட்டிய தொட்டில்கள் காற்றில் ஆடும். கீழே பார்த்தால் தண்ணீர் நீலத்திலிருந்து கருமைக்கு மாறும் இடம் தெரியும். மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி ஆழத்துக்குப் போகிறது. கரைக்கு இவ்வளவு கிட்டத்தில் ஆழம் இருப்பதால்தான் நீலத்திமிங்கிலமும் இங்கே வருகிறது. மார்ச் முதல் ஓகஸ்ட் வரை படகில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். முப்பது வருடம் கரும்பலகையில் இந்தக் கண்டமேடைப் படத்தைக் கீறியவள் நான். மலையில் நின்று காட்டும்போது குரல் தானாக வகுப்பறைக் குரலாகிவிடுகிறது. ஒருமுறை ஒரு பீடாதிபதி கையை உயர்த்திவிட்டுக் கேள்வி கேட்டார்.

அன்று சூரியன் வந்தபோது ட்ரைவர் தம்பியும் எங்களோடு நின்றான். பாணை மான் தின்றதால் பசியோடு வந்தவன். கீழே இறங்கி எல்லோருமாகத் தோசைக் கடைக்குப் போனோம்.

புறாமலைத் தீவுக்குப் போக விரும்புபவர்கள் கூட்டத்துக்கு முதல் நாளோ மறுநாளோ ஒரு காலமையை முழுதாக ஒதுக்குங்கள். நிலாவெளிக் கரையில் வனசீவராசிகள் திணைக்களத்தின் ரிக்கற் எடுக்க வேண்டும், பிறகு படகு. தனித்தனியாகப் போனால் செலவு ஏறும், குழுவாகச் சேர்ந்தால் படகுக் காசு பங்காகும். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான். 2003இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். மாடப்புறா இருப்பதால் புறாமலை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாலே முருகைக்கல் என்கிற பவளப்பாறையும் மீனும் தெரியும், சின்னச் சுறாவும் வரும், ஒன்றும் செய்யாது. முருகைக்கல்லில் மட்டும் ஏறி நிற்காதீர்கள். அதற்கு உயிர் உண்டு என்று நான் சொல்லிக் கேட்காத ஒருவர், கால் வெட்டுப்பட்டதும் ஒத்துக்கொண்டார். ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று எழும்பிவிடும், அப்போது இந்தப் பேச்சே வேண்டாம்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் டவுனிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவில். ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் மாறும். இராவணன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியது என்பது கதை. எங்கள் ஆட்கள் இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக்கு அங்கே போவது வழக்கம். எனக்கு அது சுற்றுலா இடமாக மனதில் பதியவில்லை, அப்பாவின் நினைவுதான் வருகிறது. ஆகவே அங்கே நான் வழிகாட்டுவதில்லை, ஓட்டோவில் அனுப்பிவிடுவேன்.

வரலாற்றுக்காரர்களை மட்டும் இன்னும் அப்பால் பெரியகுளத்துப் பக்கம் வெல்கம் விகாரைக்கு அனுப்புகிறேன். சோழர் காலத்தில் இராஜராஜப்பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி. விளக்குக்கும் பசுவுக்கும் கொடுத்த தானத்தைத் தமிழில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைய சண்டையெல்லாம் தெரியாத கல். அங்கே போய் வந்த இரண்டு பேர், ஒரு தமிழர் ஒரு சிங்களவர், இரவுச் சாப்பாடு முடியும்வரை அதைப் பற்றியே கதைத்தார்கள். கொத்து ரொட்டி ஆறிப்போனது.

இரவு வேறு வேலை இல்லாதவர்கள் உட்துறைமுக வீதியில் நடக்கலாம். சிவராத்திரியை ஒட்டிக் கூட்டம் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது முடிந்ததும் கோணேசர் நகர்வலம் வருவார். வீதிக்கு வீதி நிறைகுடமும் பந்தலும் இருக்கும். அந்த நாட்களில் காரை வீதியோரம் விட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அதன் முன்னால் ஒரு வாழைமரம் கட்டியிருக்கும்.

இந்த ஓகஸ்டுக்கு மருமகன் பட்டியல் அனுப்பியிருக்கிறான். முப்பத்தி நாலு பேர், நாலு வான், ஒரு கோஸ்ரர் பஸ், சாரதிமார் ஐந்து. ஐந்து பேருக்கும் கட்டில் பார்த்துவிட்டேன், உவர்மலையில் ஒரு பழைய வீடு, மாமரத்துக்குக் கீழே மூன்று வாகனம் நிற்கும். கோஸ்ரருக்கு இன்னும் இடம் சரிவரவில்லை. வருகிறவர்கள் பெயரையும் சாப்பாட்டையும் எழுதி அனுப்பும்போது வாகனத்தின் உயரத்தையும் எழுதுங்கள். மேலே சாமான் தட்டுப் போட்டிருந்தால் அதையும் சேர்த்து.